காதுகுத்துப் பத்திரிகையும் கம்பெனி மெயிலும்

என் கணவரின் அண்ணன், எனக்குப் பெரியத்தான், என்னிடம் நேராகப் பேசுவதில்லை. தம்பி மனைவியோடு மூத்தவர் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கேட்க வேண்டியதை அவர் தன் மனைவியிடம் கேட்பார். அக்கா என் பக்கம் திரும்பி அதையே கேட்பார். மூன்றடி தள்ளி நின்றுகொண்டு நான் அக்காவுக்குப் பதில் சொல்வேன். கல்யாணமாகி வந்த புதிதில் இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாகவும் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்க இந்த ஏற்பாடு சரிப்படும். ஒரு மெயில் சர்வரை அமைக்கச் சரிப்படாது. அது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். மதுரையில் ஓர் இணைய நிறுவனத்தில் இரண்டு வருடம் அதே வேலையைச் செய்தவள் நான்.

நாங்கள் குண்டு மிளகாய் வத்தல் ஏற்றுமதி செய்கிறோம். நாங்கள் என்று எழுதிவிட்டேன். அவர்கள் செய்கிறார்கள். என் கணவர் வாரத்தில் நாலைந்து நாள் அபிராமம் பக்கம் கொள்முதலுக்குப் போய்விடுவார். அவர் அண்ணன் ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி போகும் சாலையில் இருக்கும் சரக்குக் கிட்டங்கியையும் அதன் மாடியில் உள்ள ஆபீசையும் பார்த்துக்கொள்வார். கிட்டங்கிக்குப் பின்னால் வீடு. காற்று கடலிலிருந்து வீசினால் உப்பு ஈரம், நின்றுவிட்டால் வத்தல் நெடி. ஆபீஸ் கம்ப்யூட்டரின் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருக்கும். உள்ளே மின்விசிறியில் சிவப்பாகத் தூசி படிந்திருக்கும். ஆபீசுக்குப் போய் வந்தால் கையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடியும் கழுவிய பிறகே மகளைத் தூக்குவேன். ஒருமுறை அவசரத்தில் ஒரு தரம் மட்டும் கழுவிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். அரைமணி நேரம் கதறினாள். அக்கா அதை இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது மதுரையிலிருந்து என் பழைய மேலதிகாரி கூப்பிட்டார். வீட்டிலிருந்தே பார்க்கலாம், பகல் நேர வேலைதான், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்றார். போனை வைத்ததும் சந்தோஷமா பயமா என்று எனக்கே பிடிபடவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு முடியுமா? முடியாமல் போனால் எல்லோரும் சொல்லிக்காட்டுவார்களே. முடிந்துவிட்டாலும் ஏதாவது சொல்வார்கள்.

கணவரிடம் சொன்னேன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்" என்றார். அண்ணனுக்கு விஷயம் போனது. மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், பரிமாறிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"ஊரான் சர்வரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி நம்ம சர்வரைப் பாக்கச் சொல்லு. கம்பெனி பேருல மெயிலு போயி நிக்கட்டும். அப்புறம் மதுரையப் பத்திப் பேசுவோம்."

அக்கா என்னைப் பார்த்தார். "காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

பெரியத்தானுக்கும் தேவை இருந்தது. மலேசியாவில் வத்தல் வாங்கும் கம்பெனி, இனிமேல் இலவச மெயிலிலிருந்து வரும் தாள்களை ஏற்கமாட்டோம், உங்கள் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தது. யாரோ போலி முகவரியில் அவர்களை ஏமாற்றியிருந்தார்களாம். அதனால் எங்கள் ஆபீஸ் சர்வரிலிருந்து மெயில் வெளியே போக வேண்டும். நான் அதைச் செய்து முடித்தால் எனக்கு வேலை. விஷயம் அவ்வளவுதான்.

இதற்கென்றே இருக்கும் பெரிய அஞ்சல் சேவை ஏதாவதொன்றின் வழியாக அனுப்பினால் தொல்லை குறைவு என்று அக்கா மூலம் சொல்லிப் பார்த்தேன். "நம்ம தாளை இன்னொருத்தன் கையில குடுத்து அனுப்பவா? நம்ம வீட்லருந்து நேராப் போகணும்னு சொல்லு" என்று பதில் வந்தது. நான் மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

வெளியே போகும் மெயில் என்பது, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினால் போய்விடுகிற சங்கதி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவன் கதவைத் தட்டினால் நாம் என்ன செய்வோமோ அதையேதான் எதிர்ப்பக்கத்துச் சர்வரும் செய்யும். யார் நீ, எந்த இணைய எண்ணிலிருந்து வருகிறாய், அந்த எண்ணைக் கேட்டால் உன் பெயரைச் சொல்லுமா, உன் பெயரில் கடிதம் கொண்டுவர உனக்கு உரிமை இருக்கிறதா, கையெழுத்து சரியா. இத்தனைக்கும் பதில் எழுதி வைக்க வேண்டும். உரிமையையும் கையெழுத்தையும் நானே இரண்டு நாளில் பதிந்துவிட்டேன், மகள் தூங்குகிற நேரங்களில். எண்ணைக் கேட்டால் எங்கள் பெயரைச் சொல்லும்படி செய்வதும், மெயில் வெளியே போகும் வழியைத் திறந்துவிடுவதும் இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் கையில் இருந்தன.

அவர்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில் கேட்டது, "மேடம், உங்களுக்கு நெட்டு வருதா?"

"வருது. நான் கேக்குறது வேற. எங்க ஐபி எண்ணுக்கு எங்க டொமைன் பேரைப் போட்டுத் தரணும். அப்புறம் இருபத்தஞ்சாம் போர்ட்டைத் திறந்துவிடணும்."

"நெட்டு வருதுல்ல மேடம்? வந்தாப் போதும்ல?"

மூன்றாவது நாள் வேறொருவர் எடுத்தார். "வீட்ல சார் யாரும் இல்லையா? சார்கிட்டக் குடுங்க, விளக்கிச் சொல்லிர்றேன்" என்றார். இடுப்பில் மகள் போன் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். விளக்க வேண்டியவள் நான், கேட்க வேண்டியவர் நீங்கள் என்று சொல்ல நினைத்தேன். "மின்னஞ்சல்ல எழுதி அனுப்பியிருக்கேன் சார், உங்க இன்ஜினியர்கிட்டக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். அப்படி அடங்கிப் பேசியதற்காக அன்று முழுதும் என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பத்து நாளில் வேலை முடிந்தது. நான் அனுப்பிய சோதனை மெயில்கள் முதலில் ஸ்பாமில் விழுந்தன. பிறகு ஒன்று இன்பாக்ஸில் போய் உட்கார்ந்தது. மலேசியாக்காரர்களுக்கு ஒரு விலைப்பட்டியல் போனது, கிடைத்தது என்று பதிலும் வந்தது. மாடிப்படியில் எதிரே வந்த பெரியத்தான் ஒதுங்கி நின்று, எனக்குப் பின்னால் வந்த அக்காவிடம் "போகுதுபோல" என்றார். அவ்வளவுதான். அதற்கே எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

ஒரு காரியம் மட்டும் பாக்கி இருந்தது. நேற்றுவரை வாயே திறக்காத ஓர் எண்ணிலிருந்து திடீரென்று ஆயிரக்கணக்கில் மெயில் கிளம்பினால் உலகத்தில் எந்தச் சர்வரும் நம்பாது. குப்பை அனுப்புகிறவன் என்று முத்திரை குத்திக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். அதனால் மணிக்கு நூறுக்குமேல் போகாதபடி வரம்பு வைத்திருந்தேன். அக்கா முற்றத்தில் நகரை மீன் உரசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வரம்பு வைத்திருப்பதையும், ஏன் வைத்தேன் என்பதையும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்பதையும். சொன்னேன் என்றுதான் எனக்கு நினைவு.

அன்று மதியம் கூடத்தில் அக்கா அதைச் சொன்னது எனக்கு அடுப்படியில் கேட்டது.

"மெயிலுக்கு அளவு வச்சிருக்காளாம். மணிக்கு நூறுதானாம்."

"அளவா? என் ஆபீசுல எனக்கு அளவுச் சாப்பாடு போடுறாளாக்கும். எடுக்கச் சொல்லு."

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "எடுக்கச் சொல்றாக."

அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஐந்து எட்டு தூரம்தான். போய் நின்று, இது அப்படி இல்லை அத்தான் என்று ஆரம்பித்திருக்கலாம். மகள் அழுதாள், பால் பொங்கிவந்தது என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பால் பொங்கவில்லை. எனக்குப் பயம். வேலைக்குச் சம்மதம் வாங்குகிற நேரத்தில் எதிர்த்துப் பேசியவள் என்று ஆகிவிடக் கூடாது என்ற கணக்கு. சாயந்தரம் மாடிக்குப் போய் வரம்பை எடுத்துவிட்டேன்.

மாசிக் களரித் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து என்று முடிவாகியிருந்தது. அழைப்பவர் இடத்தில் பெரியத்தான் பெயர் பெரிய எழுத்தில் இருக்க, பத்திரிகை அச்சாகி வந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பது சாதாரணக் காரியமல்ல. விட்டுப்போனவர் ஒருவர் இருந்தால் அவர் பத்து வருடத்துக்கு அதைச் சொல்வார். பெரியத்தான் தட்டில் பத்திரிகை வைத்து ஊர் ஊராகப் போனார். போக முடியாத இடங்களுக்கு என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார். அவருடைய மேசை இழுப்பறையில் இருபது வருடத்து விசிட்டிங் கார்டுகள் இருந்தன, பழைய இலவச மெயிலில் ஆயிரக்கணக்கில் முகவரிகள் சேர்ந்து கிடந்தன.

பத்திரிகை அச்சாகி வந்த வாரம் முழுவதும் அக்கா மத்தியான வேளைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்தா புள்ள, மெயிலுக்கு நடுவுல ஒரு சுழி வருமே, அது எங்கன இருக்கு?" என்று கேட்டார். நான் @ குறியைக் காட்டிக்கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. வாடிக்கையாளர் பட்டியல் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துப் பெரியத்தான் அனுப்பியிருக்கிறார். நான் மகளுக்குத் தடுப்பூசி போட ராமநாதபுரம் போயிருந்தேன். அன்று அவளுக்குக் காய்ச்சல், அடுத்த இரண்டு நாளும் அவள் என்னைவிட்டு இறங்கவில்லை. ஆபீஸ் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை மலேசியாவிலிருந்து போன் வந்தது. வத்தலில் பூச்சிமருந்து எச்சம் இல்லை என்ற பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை, வியாழனுக்குள் வராவிட்டால் சரக்கைக் கப்பலில் ஏற்ற அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். பெரியத்தான் மூன்று முறை அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன.

என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். எடை போடுகிறவர்கள் இரண்டு பேரும் கணக்குப் பார்க்கிறவரும் அங்கே இருந்தார்கள். பெரியத்தான் ஜன்னலைப் பார்த்தபடி அக்காவிடம் பேசினார்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்கான்னு கேளு. பத்து நாளு பூராவும் போனைக் காதுல வச்சுக்கிட்டு திரிஞ்சா. வெளிநாட்டுக்குப் போற தாளு வாசல்லயே நிக்குது."

"என்ன பண்ணுன?" என்றார் அக்கா.

"பாக்குறேன்கா."

"பாக்குறேன், பாக்குறேன்னுதான் சொல்றா. படிச்ச புள்ள, படிச்ச புள்ளன்னு கொண்டாந்தோம். அது புள்ள கண்ணுல மொளகாயத் தேச்சதுதான் மிச்சம்" என்றார் பெரியத்தான்.

எடை போடுகிறவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, போன மெயிலையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான்: கையெழுத்தில் ஏதோ தவறு செய்திருக்கிறேன். அல்லது வழியை முழுதாகத் திறந்துபோட்டு வேறு யாரோ எங்கள் சர்வரைப் பயன்படுத்த விட்டுவிட்டேன். மதுரையில் இப்படிச் செய்த ஒரு பையனை எல்லோருமாகக் கேலி செய்திருக்கிறோம். இப்போது நானே அதைச் செய்துவிட்டேன். இனி அந்த வேலையை யார் தருவார்கள்?

வெள்ளிக்கிழமைப் பகுதி ஓடிக்கொண்டே இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் மெயில், ஒன்றரை மணி நேரத்தில். ஒவ்வொன்றிலும் பத்திரிகையின் படம், எங்கள் மூன்று பேருடைய போட்டோவோடு. தலைப்பில் என் மகளின் பெயரும் காதணி விழா என்ற சொற்களும். கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்குப் போயிருந்தது. சென்னையில் ஒரு துணைத் தூதரகத்துக்குப் போயிருந்தது. ஜெர்மனியில் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்கிறவர்களுக்கு மூன்று முறை போயிருந்தது, மூன்று கண்காட்சிகளில் கார்டு கொடுத்திருப்பார்கள் போல. மலேசியாக் கம்பெனியில் மட்டும் ஒன்பது பேருக்கு. பாதி முகவரிகள் செத்துப்போனவை. உயிரோடு இருந்தவர்களில் பலர் இது குப்பை என்று புகார் அழுத்தியிருந்தார்கள். மதியத்துக்குள் எங்கள் எண் கறுப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தவறு என்னுடையதில்லை. அடுத்த நிமிடமே வரம்பை எடுத்த நாளின் வரி கண்ணில் பட்டது. என் பெயரில் இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "பத்திரிகை எல்லாருக்கும் போயிருக்குக்கா. அதனாலதான் நம்மளைத் தடுத்திட்டாங்க."

"பத்திரிகை வச்சது குத்தமா?"

"கேக்காதவங்களுக்கு அனுப்பக் கூடாதுக்கா. கேட்டவங்களுக்குத்தான் அனுப்பணும்."

"பத்திரிகைய யாருடி கேட்டு வாங்குவா? நாமதான் தேடிப்போயி வைக்கணும். கேட்டு வாங்குனா அது பத்திரிகையா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா நாலு எட்டு நடந்து கணவரிடம் போய், "நம்ம பத்திரிகை வச்சதுனாலதான் நின்னுபோச்சாம்" என்றார்.

"அவ புள்ளைக்குத்தான நான் ஊரைக் கூப்பிட்டேன்?" என்றார் பெரியத்தான். "நல்லது செஞ்சவன் தலையிலயே கொண்டாந்து கட்டுறாளா. சரி, எப்பிடிச் சரிபண்றதுன்னு கேளு."

கறுப்புப் பட்டியல் வைத்திருப்பவர்களின் தளத்தில் ஒரு படிவம் இருக்கும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் சரியாக இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஏமாற்றினால் தடை நீளும். இதை அக்காவிடம் சொன்னேன், அக்கா அவரிடம் சொன்னார். அவர் வழி சொன்னார்.

"ஆபீசுக்குப் புதுசா வந்த ஒரு பொம்பளப்புள்ள தெரியாம அனுப்பிருச்சு, அந்தப் புள்ளைய வேலையவிட்டு நிப்பாட்டியாச்சுன்னு எழுதச் சொல்லு. ஓனரு பேரு எங்கனயும் வரக் கூடாது. ஒழுங்கா எழுதி முடிச்சான்னா மதுரை வேலையப் பத்தி நாளைக்கே பேசி முடிச்சிருவோம்."

அக்கா இதை மட்டும் ஒரு சொல் குறையாமல் எனக்குச் சொன்னார்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மகளை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, அந்த நெடியில். கீழே அக்காவிடம் இருந்தாள், அழுகிற சத்தம் கேட்டது. நான் அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் தட்டினேன். இரண்டே வாக்கியம். படித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் யாரும் இல்லைதானே, யாருக்கும் நஷ்டமில்லையே என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். இந்த ஆபீசுக்குப் புதிதாக வந்தவள் ஒருத்திதான்.

மதுரையில் இருந்தபோது இப்படி வரும் விளக்கங்களைப் படித்துத் தரம்பிரிப்பது என் வேலைகளில் ஒன்று. எத்தனையோ கம்பெனிகளின் விளக்கங்களில் ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். தெரியாமல் செய்துவிட்டாள், நீக்கிவிட்டோம். நாங்கள் அதைப் படித்ததும் ஓரத்தில் தள்ளிவிடுவோம். அந்தக் கம்பெனி அடுத்த மாதமே அதே காரியத்தைச் செய்து மறுபடி வந்து நிற்கும். அப்போதெல்லாம் அந்தப் பெண் நிஜமாக இருப்பாளா என்று நான் யோசித்ததில்லை.

இரண்டு வாக்கியத்தையும் அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். வியாழன், கப்பல், சரக்கு எல்லாம் கண்முன்னால் வந்தன. கடைசியில் நடந்ததை எழுதினேன். நிறுவனத்தின் உரிமையாளர் குடும்ப விழா அழைப்பிதழைத் தன்னிடமிருந்த எல்லா முகவரிகளுக்கும் அனுப்பினார். எங்கள் ஊரில் அழைப்பிதழை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அதனால் அவருக்கு இது தவறாகத் தெரியவில்லை. மணிக்கு நூறு என்ற வரம்பு இருந்தது, அவர் சொன்னதன் பேரில் நான் அதை எடுத்தேன், எடுத்திருக்கக் கூடாது. இப்போது மறுபடி வைத்துவிட்டேன், அந்த முகவரிப் பட்டியலை அழித்துவிட்டேன். வரம்பை வைத்து, பட்டியலை அழித்த பிறகுதான் படிவத்தை அனுப்பினேன்.

சாயந்தரம் கூடத்தில் கேள்வி வந்தது. "எழுதிட்டாளான்னு கேளு."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"நான் சொன்ன மாதிரிதானேன்னு கேளு."

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "இல்ல அத்தான். நடந்ததை எழுதினேன்."

அந்த வீட்டில் மூன்று வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் சொற்கள் அவை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் இவ்வளவு சிறியது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"என்ன எழுதுன?" என்னிடமே கேட்டார்.

"நீங்க பத்திரிகை அனுப்புனதை எழுதினேன். அளவை நான் எடுத்ததையும் எழுதினேன்."

"எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட என்னையக் காட்டிக்குடுத்திருக்க."

"பேரு எழுதலை. ஓனர்னுதான் எழுதினேன்."

"அளவ எடுத்தா இப்பிடி ஆகும்னு முன்னாடியே சொல்ல வாயில்லையா?"

"சொன்னேன் அத்தான். அக்காகிட்ட."

அக்கா எழுந்துவிட்டார். "எங்கிட்டயா? நூறுன்ன. அம்புட்டுத்தான் சொன்ன. இப்ப எம்மேல பழியா? மீன் கையோட உக்காந்திருந்தவகிட்ட வந்து என்னமோ முணுமுணுத்திட்டுப் போனவ நீ."

முணுமுணுத்தேனா? எனக்கு அந்த இடத்தில் நின்றபடியே சந்தேகம் வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னேன் என்று நினைவிருக்கிறது. எவ்வளவு சத்தமாக என்று நினைவில்லை. இன்றும் தெரியவில்லை.

"வீட்டுச் சங்கதிய எழுதி வெளிய போடுறவளுக்கு எதுக்கு வேலை?" என்றார் பெரியத்தான். இப்போது மறுபடி அக்காவைப் பார்த்துத்தான். "மதுரையும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிரு."

புதன்கிழமை காலை எங்கள் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பரிசோதனை அறிக்கையை நானே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கிடைத்தது என்று பதில் வந்தது. சரக்கு ஏறியது. அக்கா என் தட்டை மட்டும் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை வந்த கணவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சு போகும்?"

"எதுக்கு மன்னிப்பு?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "பெரியவுகளாச்சே" என்றார்.

"அறிக்கை போச்சா இல்லையா?"

"போச்சு."

"மெயிலு போயி நின்னாப் பேசுவோம்னு சொன்னாரா இல்லையா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவர் குளித்து வருவதற்குள் மதுரைக்குச் சம்மதம் எழுதி அனுப்பினேன், என் போனிலிருந்து. அவர் தலை துவட்டிக்கொண்டு வந்ததும் சொன்னேன். "கேக்காமயா?" என்றார். கேட்டாச்சு, ஒரு மாதமாகக் கேட்டாச்சு என்றேன். கூடத்துக்குப் போய் அண்ணனிடமும் நானே சொன்னேன். ஒன்றாம் தேதி முதல் காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை. அவர் செய்தித்தாளை மடக்கவில்லை. பேசி முடிக்கும்வரை என் குரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

மறுநாள் காதுகுத்து. மகள் என் தம்பி மடியில் உட்கார்ந்து வீரிட்டாள். அந்த நாலாயிரம் பேரில் ஒருவர் வந்திருந்தார், கோயம்புத்தூரில் எடை இயந்திரம் விற்கிறவர். மெயில் பார்த்து வந்தேன் என்றார். பெரியத்தான் அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, தானே இலை போட்டு, நான் கடந்து போகும்போது சத்தமாகச் சொன்னார். "பத்திரிகை வச்சாத்தானங்க வருவாக. இங்கன சிலருக்கு அது தெரியலை."

அந்த மனிதர் எதுவும் புரியாமல் தலையாட்டினார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றாம் தேதி ஒன்பது மணிக்கு உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்தேன். மகளைக் கூடத்தில் விளையாட்டுச் சாமான்களோடு உட்காரவைத்திருந்தேன். வேலை நேரத்தில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அக்காவிடம் முந்தின நாளே கேட்டிருந்தேன். "பாப்போம்" என்றிருந்தார். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மகள் தவழ்ந்து வந்து உள்ளங்கையால் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். அக்கா கூடத்தில்தான் இருந்தார். முறத்தில் பருப்புப் புடைக்கும் சத்தம் கேட்டது, நிற்கவில்லை. தட்டல் அழுகையாக மாறியது. அக்கா எழுந்துவிடுவார், இப்போது எழுந்துவிடுவார் என்று காத்திருந்தேன். முறம் நிற்கவே இல்லை.

கதவைத் திறந்து அவளைத் தூக்கினேன். புதிதாகக் குத்திய காது சிவந்திருந்தது, படாமல் மடியில் சாய்த்துக்கொண்டேன். திரையில் யாரோ ஒருவருடைய மெயில் போகவில்லை என்று முதல் புகார் வந்து நின்றது. ஒற்றைக் கையால் பதில் தட்டத் தொடங்கினேன்.